சேவலுக்குச் சமமான மரியாதை

தொழிலாளியை மனிதனாக நடத்த வேண்டும் என்று சொன்ன மகான்கள் உலகத்தில் பலர் உண்டு. சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மனிதனாக நடத்தப்படுவதில் அப்படி என்ன சுகம் இருக்கிறது என்று அவர்களில் ஒருவராவது யோசித்ததாகத் தெரியவில்லை. அதைத் தாண்டியும் யோசித்து, தொழிலாளியைச் சேவல் அளவுக்கு உயர்த்திய ஒரே முதலாளி எங்கள் ராமபத்ர ராஜு காருதான் ('காரு' என்றால் தெலுங்கில் 'அவர்கள்'). ஆந்திராவின் பீமவரத்துக்குக் கிழக்கே, குளங்களுக்கு நடுவே இருக்கும் அவருடைய இறால் தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்து, அவர் உப்பைத் தின்று வரும் காமேசம் ஆகிய நான், இதை வரலாற்றின் நன்மைக்காக எழுதி வைக்கிறேன்.

சேவல் என்றதும் குப்பையைக் கிளறும் ஜாதியை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது சங்கராந்திக்குக் காலில் கத்தி கட்டிக் களத்தில் விடுகிற பந்தயச் சேவல். பந்தயம் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆகவே எங்கள் பக்கம் அது நடப்பதே இல்லை. நடக்கவில்லை என்பதை ஆண்டுதோறும் பல பெரிய மனிதர்கள் நேரில் வந்து, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து உறுதி செய்துகொண்டு போகிறார்கள்.

அந்தச் சேவல்கள் வாழ்கிற வாழ்வை நீங்கள் பார்க்க வேண்டும். தொழிற்சாலைக்குப் பின்னால் குளத்தங்கரையில் அவற்றுக்குத் தனிக் கொட்டகை, ஆளுக்கொரு மின்விசிறி, கொசுவலை. காலையில் குளத்தில் நீச்சல். பிறகு வெந்நீர் ஒத்தடம். ஊறவைத்துத் தோலுரித்த பாதாம், வேகவைத்த முட்டை, பொடியாக நறுக்கிய ஆட்டுக்கறி. சாப்பிட்டதும் தூக்கம். இத்தனையையும் கவனிக்க ஏசுபாதம் என்று ஓர் ஆள். அவன் விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள் நிறைய இருக்கும். தும்மினால் ஓடிவர மாட்டு டாக்டர் ஒருவர். சேவல்களில் தலையாயவன் 'வஸ்தாது'. அவன் ஒரு விடியற்காலையில் கூவாவிட்டால் அன்றைக்கு ராஜு காருவுக்குக் காபி இறங்காது.

கொட்டகைக்கு முன்பக்கம் இருப்பது இறால் உரிக்கும் கூடம். அங்கே பெண்கள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, நின்றபடியே, ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறாலை உரிப்பார்கள். சின்னக் கத்தியால் முதுகைக் கீறிக் குடலை எடுப்பார்கள். நிர்வாகத்தின் தாராளத்தை இங்கே நான் குறிப்பிட்டே ஆக வேண்டும். கோடையில்கூட யாருக்கும் வேர்க்காது. விரல்கள் மரத்துப் போவதால் இறால் முள் குத்தினாலும் வலி தெரியாது. இந்த மரத்துப் போகும் வசதிக்காக யாரிடமும் இதுவரை கட்டணம் வசூலித்ததில்லை.

கூடத்தில் இரண்டு வரிசை. முதல் வரிசைக்கு மேஸ்திரி நூக்கரத்னம். பெரிய உடம்பு, பெரிய குரல். அவள் வீட்டுக்காரன் தென்னை மரத்திலிருந்து விழுந்து, படுத்த படுக்கையாக இருக்கிறான். இரண்டாவது வரிசைக்கு மேஸ்திரி மங்கதாயாரு. பேச்சு குறைவு, கை வேகம். அவள் மகளுக்குப் போன கோடையில்தான் கல்யாணமாயிற்று. வருகிற சங்கராந்திதான் மருமகனுக்குத் தலைச் சங்கராந்தி. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே ஆட்டோ. ஒருத்தியை ஒருத்தி 'மதினி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருத்தி வீட்டுக் கோங்குராப் பச்சடி, அதாவது புளிச்சக்கீரைத் துவையல், இன்னொருத்தி வீட்டுச் சோற்றில்தான் போய்ச் சேரும்.

இந்த அநியாயமான ஒற்றுமை நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான், ஹைதராபாத்திலிருந்து பிரணீத் என்ற 'மனிதவள நிபுணர்' வந்து இறங்கினார். வயது குறைவு, லேப்டாப் மெலிவு, ஃபீஸ் மட்டும் கனம் என்று கேள்வி. ராஜு காருவின் அறையில் திரை கட்டிப் படம் போட்டுக் காட்டினார்.

"சார், உங்க கம்பெனியில ஆரோக்கியமான போட்டி இல்லை. எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் சந்தோஷமா இருக்காங்க."

"அய்யய்யோ! இது எத்தனை நாளா நடக்குது?" என்றார் ராஜு காரு.

"ரொம்ப நாளா சார். ரெண்டு மேஸ்திரி எதுக்கு? ரெண்டு பேரையும் மோதவிடுங்க. யார் வரிசை அதிகமா உரிக்குதோ, அந்த மேஸ்திரி 'தளத் தலைவி'. தோத்த மேஸ்திரியை விடுவிச்சிடலாம்."

"எங்கே விடுவிப்பீங்க தம்பி?"

"வெளியே சார்."

ராஜு காரு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அட! ஒண்ணை ஒண்ணு மோதவிட்டு, ஜெயிச்சதைத் தூக்கிக் கொஞ்சி, தோத்ததைக் குழம்பு வைக்கிறது. இதைத்தானே எங்க தாத்தா காலத்துலேருந்து தென்னந்தோப்புல பண்ணிட்டிருக்கோம்! இதுக்கா அங்கே காலேஜ் கட்டிச் சொல்லித் தர்றாங்க?"

"அடிப்படைத் தத்துவம் ஒண்ணுதான் சார்," என்று நிபுணர் பணிவாக ஒப்புக்கொண்டார்.

"காமேசம்! எழுதுய்யா நோட்டீஸ். போகி அன்னிக்குப் பந்தயம் முடியணும். இனிமே நம்ம ஆளுங்களை நான் ஆளுங்களா பார்க்கப் போறதில்லை. என் சேவலுங்களா பார்க்கப் போறேன்."

இப்படிச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. அது அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிகப்பெரிய பாராட்டு என்பது எங்கள் ஊருக்குத் தெரியும்.

நோட்டீஸை ஒட்டினேன். நூக்கரத்னத்துக்குப் படிக்க வராது. மங்கதாயாரு படித்துச் சொன்னாள். 

"மதினி, உன்னைத் தோக்கடிச்சிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன் வீட்டுக்குப் பச்சடிக்கு வருவேன்?" என்றாள் நூக்கரத்னம்.

"நீ தோத்தா அண்ணனுக்கு மருந்து யாரு வாங்குவா? நான்தான் தோக்கணும்."

"நீ தோத்தா? வேலை போன மாமியார் வீட்டுல வந்து உக்காந்து உன் மருமகன் பண்டிகைக்குச் சுட்ட அரிசெலு தின்பானா? பொண்ணை விட்டுட்டு முதல் பஸ்ஸுல திரும்பிடுவான்."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே அளவா, மெதுவா உரிப்போம்."

நிபுணருக்குப் பாம்புச் செவி. பின்னாலிருந்தே பதில் வந்தது. "மெதுவா உரிச்சா ரெண்டு பேருக்குமே விடுவிப்பு இருக்கும்மா. கம்பெனியில பாரபட்சம் கிடையாது."

மறுநாளே சேவல் மரியாதைகள் ஆரம்பமாயின. எங்கள் பக்கம் சேவலுக்கென்றே ஒரு பஞ்சாங்கம் உண்டு. எந்த நிறத்துச் சேவல், எந்தக் கிழமையில், எந்தத் திசை பார்த்து நின்றால் எந்த நிறத்தை ஜெயிக்கும் என்று அது சொல்லும். ராஜு காரு அதைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். நூக்கரத்னத்தின் வரிசைக்குச் சிவப்புத் தொப்பி, மங்கதாயாருவின் வரிசைக்குக் கருப்புத் தொப்பி. செவ்வாய்க்கிழமை மேசைகள் வடக்கே பார்க்கும். புதன்கிழமை கிழக்கே திரும்பும். வியாழக்கிழமை காலையில் மேசையைத் தூக்கித் திருப்பியதில் மூன்று பெண்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அன்றைய பஞ்சாங்கத்தில் இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை.

பெண்களும் விஷயத்தை நல்லபடியாகவே எடுத்துக்கொண்டார்கள். சேவல் என்று ஆனபிறகு சேவலுக்கு உண்டானதைக் கேட்பதில் தப்பென்ன என்று நூக்கரத்னம் என்னை முன்னால் தள்ளிக்கொண்டு முதலாளியிடம் போனாள்.

"ராஜு காரு, வஸ்தாதுக்கு பாதாம் குடுக்குறீங்களே, எங்களுக்கும் ஆளுக்கு நாலு..."

"பாதாம் உடம்புச் சூட்டைக் கிளப்பும்மா. நீங்க சூடானா ஐஸ் உருகிடும்."

"சரிங்க. சண்டைக்கு முன்னாடி அதுங்களுக்கு ஓய்வு குடுக்குறீங்க. எங்களுக்கும் மத்தியானம் கொஞ்ச நேரம் உக்கார ஒரு பெஞ்சு?"

ராஜு காரு சிரித்தார். எவ்வளவு சின்ன விஷயமானாலும் நியாயத்தை எடுத்துச் சொல்லாமல் அனுப்புகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"இங்கே பாரு நூக்கரத்னம். சேவலுக்கு வருஷம் பூரா ஓய்வு, ஒரு நாள் சண்டை. உங்களுக்கு வருஷம் பூரா சண்டை, ஒரு நாள் ஓய்வு. ரெண்டையும் கூட்டிப் பாரு, சரியா வருதா இல்லையா?"

கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வந்தது. நூக்கரத்னம் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆனால் ஒரு குறை இருந்தது. இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் உரித்துக்கொண்டிருந்தன. ராஜு காரு ஏசுபாதத்தைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டார்.

"ஒரே இடத்துல தீனி தின்னுற சேவலுங்க சண்டை போடாதுங்க," என்றான் ஏசுபாதம். "பிரிச்சு வைக்கணும். அப்புறம் மூஞ்சிக்கு மூஞ்சி காட்டி, லேசா ஒரு கொத்து கொத்தவிட்டு இழுத்துடணும். ரோசம் தானா வரும்."

"கேட்டீங்களா தம்பி?" என்றார் ராஜு காரு.

"இதுக்கு எங்க படிப்புல ஒரு முழு அத்தியாயமே இருக்கு சார்," என்று நிபுணர் குறித்துக்கொண்டார்.

மேஸ்திரிகள் சேர்ந்து சாப்பிடக் கூடாது என்று உத்தரவாயிற்று. தனித்தனி ஆட்டோ. லேசாகக் கொத்தவிடும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் பொய் பேசாதவன். "உங்க கை வேகத்தைப் பத்தி மங்கதாயாருகிட்ட கேட்டேன். சிரிச்சாங்க, ஒண்ணும் சொல்லலை" என்று நூக்கரத்னத்திடம் சொன்னேன். முழு உண்மை. மங்கதாயாரு எதைக் கேட்டாலும் சிரிப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். மங்கதாயாருவிடம், "நூக்கரத்னம் இப்பல்லாம் சீக்கிரமே வந்துடுறாங்களே, என்ன விசேஷம்?" என்று கேட்டேன். கேள்வி கேட்பது பொய்யாகாது.

பத்து நாளைக்குள் பலன் தெரிந்தது. மங்கதாயாரு கொடுத்தனுப்பிய பச்சடிக் கிண்ணத்தை நூக்கரத்னம் கழுவி, வெறுங்கிண்ணமாகத் திருப்பி அனுப்பினாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கிண்ணம் ஒரு பிடி சர்க்கரையாவது இல்லாமல் சுவரைத் தாண்டியது இல்லை. மங்கதாயாரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள் என்று என் மனைவி வந்து சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் நிபுணரின் திரையில் கோடு மேலே ஏறியிருந்தது. ஒரு வெறுங்கிண்ணம் ஏற்றுமதியை இவ்வளவு உயர்த்தும் என்று பொருளாதாரம் படித்தவர்கள்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

போகி வந்தது. ஊரெல்லாம் விடியுமுன் பழைய சாமான்களைப் போட்டுத் தீ மூட்டிக் கொண்டாடியது. எங்கள் பெண்களுக்கு மட்டும் விடுமுறை இல்லை. கப்பலுக்குப் போகவேண்டிய கன்டெய்னர் வாசலில் நின்றது. பந்தயத்தின் கடைசி நாளும் அதுதான். கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நாற்காலி போட்டு, ராஜு காருவின் நண்பர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் எதைப் பந்தயம் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். ஒரு இறால் குளம் அன்றைக்குக் கைமாற இருந்தது என்று மட்டும் பேச்சு.

பஞ்சாங்கப்படி அன்று காலை, மேற்கே பார்த்த கருப்புதான் ஜெயிக்க வேண்டும். ஆகவே ராஜு காரு கருப்பின் பக்கம். ஆனால் சிவப்பு ஒரு கூடை முன்னால் இருந்தது. ராஜு காரு பொறுக்கமாட்டாமல் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார்.

"ஹேய்! கருப்பு! விடாதே, கொத்து! கொத்து!"

மங்கதாயாரு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து கையை இன்னும் வேகமாக ஓட்டினாள். மரத்துப் போன விரல்களுக்குக் கத்தி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆழமாக இறங்கிவிட்டது. மேசையில் இருந்த வெள்ளை இறால் எல்லாம் சிவப்பாயிற்று. நான் ஏற்கெனவே சொன்ன வசதியின்படி, அவளுக்கு உடனே வலி தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, இந்த லாட்டைத் தனியா எடுத்து வைங்க!" என்று நிபுணர் பதறினார். இறாலைத்தான் சொன்னார்.

நூக்கரத்னம் கையிலிருந்த கத்தியை வீசி எறிந்துவிட்டு, நடுமேசையைச் சுற்றிவரப் பொறுமையில்லாமல் அதன் மேலேயே ஏறிக் குதித்து வந்தாள்.

"மதினீ!"

மார்கழி முழுக்க அவள் வாயில் வராமலிருந்த சொல் அது. தன் சிவப்புத் தொப்பியைப் பிடுங்கி வெட்டின் மேல் வைத்து அழுத்தினாள். கருப்பு தோற்றுவிட்டது என்று புரிந்ததும் ராஜு காரு தலையில் கைவைத்துக்கொண்டு, மத்தியானப் பந்தயத்துக்குத் தயாராக வீட்டுக்குப் போய்விட்டார்.

நாங்கள் மங்கதாயாருவைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். காவலாளி கதவைத் திறக்கவில்லை.

"ஷிப்டு நடுவுல கேட்டைத் திறக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு."

"யோவ், ரத்தம் கொட்டுதுய்யா!"

"ரத்தம் கொட்டினா திறக்கலாம்னு உத்தரவுல இல்லையேம்மா."

நூக்கரத்னம் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்த போனைப் பிடுங்கி, மாட்டு டாக்டரின் எண்ணைப் போடச் சொன்னாள். போட்டேன்.

"டாக்டர் காருங்களா? ராஜு காரு கம்பெனியிலேருந்துங்க. வஸ்தாது கால்ல வெட்டு. ரத்தம் நிக்கலைங்க!"

அப்படி ஒரு வேகத்தை நான் கண்டதில்லை. டாக்டர் சேதி சொல்லி, ராஜு காருவின் ஏ.சி. கார் புழுதி பறக்க வந்தது. காவலாளி யாரையும் கேட்காமல், சீட்டு எதுவும் பார்க்காமல், கதவை அகலத் திறந்து சல்யூட் அடித்தான். டாக்டர் பெட்டியோடு குதித்தார். பின்னாலேயே ராஜு காரு, பாதி முகத்தில் ஷேவிங் சோப்புடன், செருப்புகூட இல்லாமல்.

"எங்கேடா? என் வஸ்தாது எங்கேடா?"

"வஸ்தாது கொட்டகையில சுகமா தூங்குதுங்க," என்று நூக்கரத்னம் மங்கதாயாருவின் கையைத் தூக்கிக் காட்டினாள். "இதுவும் உங்க சேவல்தானுங்க. நீங்களே சொன்னீங்க. கையோட தையல் போட்டுடுங்க."

ராஜு காரு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காரில் சாய்ந்துவிட்டார். "ஒரு நிமிஷத்துல என் உயிரை எடுத்துட்டீங்களேடி பாவிங்களா!"

டாக்டர் காயத்தைப் பார்த்தார். அவர் பெட்டியில் ஊசி, நூல், மருந்து எல்லாம் இருந்தன. பெட்டியை மூடிவிட்டார்.

"நான் மிருக வைத்தியன்மா. மனுசங்க உடம்புல ஊசி வைக்க எனக்கு லைசன்ஸ் இல்லை. சட்டப்படி குத்தம்."

"சட்டம்னா சட்டம்தான் நூக்கரத்னம்," என்றார் ராஜு காரு. "அதை நாம மீறக் கூடாது." மத்தியானம் தென்னந்தோப்பில் கத்திச் சண்டை வைத்திருந்த மனிதருக்குச் சட்டத்தின் மேல் இருந்த இந்தப் பக்தி என்னை உருக்கிவிட்டது.

"அந்தக் கார்லயாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுங்க."

"ரத்த வாடை பட்டா வஸ்தாது பதறிடுவாம்மா. அவன் அதே சீட்லதான் உக்காரணும்."

ஆட்டோவில் போனோம். மங்கதாயாரு கண்ணை மூடிக்கொண்டு நூக்கரத்னத்தின் தோளில் சாய்ந்திருந்தாள்.

"மதினி, அந்தக் கிண்ணம்..." என்று நூக்கரத்னம் ஆரம்பித்தாள்.

"விடு."

"என் வாய்ல மண்ணு. வெறுங்கிண்ணமா அனுப்பிட்டேனே மதினி."

"விடுன்றேன்ல. நாளைக்கு மருமகன் வர்றான். ஒரு கையால அரிசெலு எப்படித் தட்டறதுன்னு யோசி."

நூக்கரத்னம் அழுதாள். அந்தப் பெரிய உடம்பு ஆட்டோவோடு சேர்ந்து குலுங்கியது. நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.  

சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு ஆயா மட்டும் இருந்தாள். பெரிய டாக்டர் எங்கே என்றதற்கு, "கேம்ப்" என்றாள். போகி அன்றைக்குக் கேம்ப் எங்கே நடக்கும் என்று கேட்க வேண்டிய அவசியம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. ஆட்டோவைத் தென்னந்தோப்புக்குத் திருப்பினோம்.

தோப்பில் திருவிழாக் கூட்டம். முன்வரிசையில் பெரிய டாக்டர் கூலிங் கிளாஸ் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவரை நெருங்கும்போதே வஸ்தாது களத்தில் இறங்கிவிட்டான். இரண்டு பாய்ச்சல்தான். எதிராளி விழுந்தது. வஸ்தாது ஜெயித்துவிட்டான். ஆனால் அவன் மார்பிலும் ஒரு நீளக் கீறல். ராஜு காரு அவனை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, குழந்தையைப் பறிகொடுத்தவர் போல அலறினார். மாட்டு டாக்டருக்கு அந்தப் பதற்றத்தில் ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை.

பெரிய டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். "நகருய்யா! குடு இப்படி!" ஊசியை வாங்கி, மண்ணில் மண்டி போட்டு, தையல் மேல் தையலாக எவ்வளவு நறுவிசாகத் தைத்தார் என்கிறீர்கள்! பட்டுப்புடவைக்குக்கூட அப்படி ஓரம் அடிக்க மாட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். பவ்யமாகவே கேட்டேன். "டாக்டர் காரு, மனுச டாக்டர் சேவலுக்குத் தைக்க லைசன்ஸ் இருக்குங்களா?"

அவர் கோபமாக நிமிர்ந்தார். "உயிர் போற நேரத்துல லைசன்ஸ் பார்த்துக்கிட்டு நிப்பாங்களாய்யா? நீயெல்லாம் மனுசனா?"

நூக்கரத்னம் மங்கதாயாருவின் கையை அவர் முன்னால் நீட்டினாள். சிவப்புத் தொப்பி ஊறிக் கருத்திருந்தது. அவர் பார்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"அடடா, நூல் தீர்ந்துபோச்சேம்மா. பண்டிகை முடிஞ்சு ஆஸ்பத்திரிக்கு வாங்க, பிரமாதமா போட்டுடலாம்."

கடைசியில் ஏசுபாதம்தான் மஞ்சளை வைத்து அடைத்து, சேவல் காலில் கத்தி கட்டுகிற நூலால் அவள் கையைச் சுற்றி இறுக்கினான். "இந்த நூலால இதுவரைக்கும் கத்தியத்தான் கட்டியிருக்கேன் அக்கா," என்றான்.  ரத்தம் நின்றது. ஆனால் கட்டைவிரல் மடங்கவில்லை. மடங்காத கட்டைவிரலால் இறால் உரிக்க முடியாது.

பண்டிகை முடிந்து தொழிற்சாலை திறந்ததும் 'வெற்றி விழா' நடந்தது. மேடை, சால்வை, மைக். ராஜு காருவின் நண்பர்கள் முன்வரிசையில். நூக்கரத்னம் தளத் தலைவியாகவும், மங்கதாயாரு விடுவிக்கப்பட்டவளாகவும் அறிவிக்கப்பட்டார்கள். மங்கதாயாரு கணக்கை முடித்துக்கொண்டு போக வந்து, கடைசியில் கதவோரமாக நின்றிருந்தாள். மருமகன் முதல் பஸ்ஸில் திரும்பவில்லை. இன்னும் வீட்டில்தான் இருந்தான். மாமியாருக்குக் கை சரியானதும் வேலைக்குப் போவாள் என்று நூக்கரத்னம் அவனிடம் அடித்துச் சொல்லியிருந்தாள்.

நூக்கரத்னத்தை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள். அவள் குரலுக்கு மைக் வேண்டாம்.

"ராஜு காரு, தோப்புல ஒரு வழக்கம் இருக்குங்களே. தோத்த சேவல் யாருக்குச் சொந்தம்?"

"ஜெயிச்சவனுக்குத்தான். இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"அதை யாராச்சும் மீறியிருக்காங்களா?"

"களத்து வழக்கத்தை மீறினவன் எங்க வம்சத்துலயே கிடையாது!" என்று ராஜு காரு மீசையைத் தடவினார். நண்பர்கள் தலையாட்டினார்கள்.

"அப்ப சரிங்க. மங்கதாயாரு தோத்துட்டா, நான் ஜெயிச்சிட்டேன். அவ எனக்குச் சொந்தம். அவளை விடுவிக்க உங்களுக்கு உரிமை இல்லைங்க. என் பக்கத்துல நின்னு எடை பார்ப்பா, தரம் பிரிப்பா. அதுக்குக் கட்டைவிரல் வேண்டாம்."

 நிபுணர் பாய்ந்து வந்து ராஜு காருவின் காதில் ஏதோ சொன்னார். ராஜு காரு கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். சட்டம் தடுத்தால் அவர் சுற்றிக்கொண்டு போய்விடுவார். களத்து வழக்கம் தடுத்தால், அதுவும் இத்தனை பேர் பார்க்க, அவரால் ஒரு அடி வைக்க முடியாது. 

"நியாயம்," என்றார் கடைசியில். "அவ உன்னோடவதான். கூட்டிட்டுப் போ."

பெண்கள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். நானும் என்னை மறந்து தட்டிவிட்டேன். ராஜு காரு சத்தம் அடங்கும்வரை சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"ஆனா நூக்கரத்னம், களத்து வழக்கத்துல இன்னொண்ணும் இருக்கே. சொந்தச் சேவலுக்குத் தீனி யாரு போடணும்? சொந்தக்காரன்தானே? மங்கதாயாருக்கு உண்டானதை இனிமே நீதான் உன் சம்பளத்துலேருந்து பார்த்துக்கணும். அடுத்தவன் சேவலுக்கு நான் தீனி போட முடியுமா, நீயே சொல்லு."

நிபுணர் முகம் மலர்ந்தது. ஒரே சம்பளத்துக்கு இரண்டு மேஸ்திரி! இதற்கு அவர் படிப்பில் அத்தியாயம் இல்லை. இனிமேல் எழுதுவார்கள் என்றார்.

நூக்கரத்னம் சால்வையை எடுத்து மடித்தாள். கதவோரம் நின்ற மங்கதாயாருவைப் பார்த்து, "வா மதினி" என்றாள். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

"போடுறேங்க. பாதிப் பாதி தின்னுக்குறோம், எங்களுக்குப் புதுசா என்ன? ஆனா ஒண்ணு ராஜு காரு. ஏசுபாதத்தோட விரலை ஒருக்கா உத்துப் பாருங்க. கத்தி கட்டுறவன் கையும் வெட்டுப்படாம இருக்கிறதில்லை."

அன்றையிலிருந்து கூடத்தில் சிவப்புத் தொப்பியும் கருப்புத் தொப்பியும் கலந்துவிட்டன. யார் எந்த வரிசை என்று நிபுணரால் பிரிக்க முடியவில்லை. திரையில் கோடு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பச்சடிக் கிண்ணம் சுவரைத் தாண்டிப் போய் வருகிறது. வஸ்தாது தையல் பிரித்து, பாதாம் தின்று, குளத்தில் நீந்துகிறான்.

எங்கள் முதலாளி தொழிலாளியைச் சேவல் அளவுக்கு உயர்த்தினார் என்று ஆரம்பத்தில் எழுதியிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். வரலாற்றில் பிழை இருக்கக் கூடாது, திருத்திக்கொள்கிறேன். பிரித்து வைக்கும்போது எங்களைச் சேவல் என்றார். கொத்தவிடும்போது சேவல் என்றார். கத்தியைக் கொடுத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தும்போதும் சேவல் என்றார். தையல் போட வேண்டிய இடம் வந்ததும்தான், சட்டப்படி எங்களை மனிதர்களாக்கிவிட்டார்.